இளம்பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

மக்களே, பதிவு கொஞ்சம் காரமா இருக்கும். நீளமாவும் இருக்கும். ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்து உட்காருங்க.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வந்தால் ஒரு ரவுண்டு. மே மாசம் பள்ளிக்கூடம் லீவு விட்டால் இன்னொரு ரவுண்டு. "பையனுக்குப் பன்னெண்டு வயசு ஆகுது, தமிழ்ல என்ன படிக்கக் கொடுக்கலாம்?" என்று யாரோ ஒரு அப்பாவோ அம்மாவோ அப்பாவியாகக் கேட்பார். அவ்வளவுதான், நம்ம பதிவர்கள் அத்தனை பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கிடுவாங்க. அவசியம் படிக்க வேண்டிய 25, அலமாரியில் இருந்தே ஆக வேண்டிய 50, டாப் 100 என்று பட்டியல் மேல் பட்டியல்.

பல வருஷமா இந்தப் பட்டியல்களை ஒண்ணு விடாமப் படிச்சுட்டு வர்றவன் நான். என் குற்றச்சாட்டு இதுதான்: இதில் முக்கால்வாசி, பன்னெண்டு வயசுப் பிள்ளைக்குப் போட்ட பட்டியலே இல்லை. போடுகிறவர் தன்னுடைய பன்னெண்டாவது வயசுக்குப் போட்டுக்கொண்ட பட்டியல்.

நான் இருக்கிறது இளம்பிள்ளை. கஞ்சமலை அடிவாரம், சேலைக்குப் பேர்போன ஊர். உங்க வீட்டு பீரோவில் எங்க ஊர்ச் சேலை ஒண்ணாவது இருக்கும், பேர் தெரியாம கட்டிக்கிட்டு இருப்பீங்க. ஊர்ப் பேருக்கு ஒரு கதை சொல்வாங்க. கஞ்சமலை மூலிகையைத் தின்ன ஒரு கிழச் சித்தர் இளம்பிள்ளையா மாறிட்டாராம். கிழவரைப் பிள்ளையாக்கின மூலிகை மலையில் இருக்கோ இல்லையோ, பிள்ளைகளைக் கிழவராக்குகிற மூலிகை நம்ம பட்டியல்களில் தாராளமா இருக்கு :-)

என் வீட்டில் ரெண்டு அலமாரி புத்தகம். ஞாயித்துக்கிழமை தெருப் பசங்க வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க, சிலது திரும்பி வரும். எது திரும்பி வருது, எது பாதியில் வருது, எது நாலு கை மாறி அட்டை கிழிஞ்சு வருதுன்னு பார்த்துட்டு இருக்கேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதறேன்.

நம்ம பட்டியல்களை நாலு வகையாப் பிரிக்கலாம்.

1. "எங்க காலத்துல..." வகை

அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், இரும்புக்கை மாயாவி, வாண்டுமாமா. வாசிச்சா நமக்கே கண்ணு கலங்குது, சரி. ஆனா கேட்டவருக்கு என்ன பதில் கிடைச்சுது? 1947-இல் தொடங்கின அம்புலிமாமா நின்னு போய்ப் பல வருஷம் ஆச்சு. 1972-இல் ஆரம்பிச்ச கோகுலத்தை 2020-க்கு அப்புறம் யாரும் பெட்டிக் கடையில் பார்த்திருக்க முடியாது. சுட்டி விகடனும் போயாச்சு. சிவகாசியில் இருந்து 1972-இல் கிளம்பின முத்து காமிக்ஸ் பேரில் இன்னும் புத்தகம் வருது, மகிழ்ச்சி. ஆனா அதைக் காத்திருந்து வாங்குறது பெரும்பாலும் அன்னிக்குச் சின்னப் பசங்களா இருந்த ஆளுங்கதான். வாண்டுமாமாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, 2014-இல் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த மனுஷன் எழுதிக் குவிச்சது கொஞ்சமில்லை. ஆனா கடையில் கிடைக்காத பத்திரிகையையும் பழைய புத்தகக் கடையில் ஏலம் போகிற புத்தகத்தையும் ஒரு குழந்தைக்குப் பரிந்துரைக்கிறது, பசிச்சவனுக்கு நம்ம கல்யாண விருந்து போட்டோவைக் காட்டுற மாதிரி.

2. "நல்லொழுக்க" வகை

திருக்குறள் நீதிக் கதை, தெனாலிராமன், பீர்பால், தலைவர்கள் வரலாறு. கூடவே அழ. வள்ளியப்பா பாட்டுப் புத்தகம் ஒண்ணு. வள்ளியப்பா பெரிய ஆள்தான், மறுக்கலை. ஆனா அந்தப் பாட்டுகள் அஞ்சு ஆறு வயசுக்கு. மீசை அரும்புற பையன்கிட்ட நீட்டினா அவன் தம்பி தலையில் கட்டிட்டுப் போயிடுவான். நீதிக் கதையோ, கடைசிப் பத்தியில் ஒரு பெரியவர் பிரம்போட நிக்கறது பன்னெண்டு வயசு மூக்குக்கு முதல் பக்கத்திலேயே தெரிஞ்சுடும். பள்ளிக்கூடத்துல வாத்தியார், வீட்டுல அப்பா, சாயங்காலம் டியூஷன் அக்கா, அது போதாதுன்னு கதையிலயும் ஒருத்தரா? பாவம்ங்க.

3. "இங்கிலீஷ்ல படிக்கட்டும்" வகை

ஹாரி பாட்டர், பெர்சி ஜாக்சன், விம்பி கிட். நல்ல புத்தகங்கள்தான். பெங்களூரு, சென்னை அடுக்ககங்களில் ஓடும். எங்க ஊர்ல பாதிப் பிள்ளைங்க இங்கிலீஷ் மீடியம்தான், மஞ்சள் வேன் தெருவுக்குத் தெரு வருது. ஆனா இங்கிலீஷை வாய்விட்டு வாசிக்கிறது வேற, அதுக்குள்ள முங்கி நேரம் போறது தெரியாமக் கிடக்கிறது வேற. அகராதியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு யாரும் கதையில் அழுததில்லை. வீட்டுல பேசுற மொழியில் முங்கத் தெரிஞ்ச பிள்ளை, அப்புறம் எந்த மொழியிலும் முங்கும்.

4. "நேரா பொன்னியின் செல்வன்" வகை

இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற வகை. 1950 முதல் 1954 வரைக்கும் கல்கியில் வாராவாரம் வந்தது. வீட்டுப் பெரியவங்க படிக்கிறதுக்காக எழுதின அஞ்சு பாகம். வகுப்புக்கு ரெண்டு மூணு பேர் அதை முடிச்சுடுவாங்க, அவங்க எதைக் கொடுத்தாலும் முடிப்பாங்க. மீதிப் பேர் முதல் பாகத்து நடுவுல நின்னுக்கிட்டு, "படிக்கிறதெல்லாம் நமக்கு வராது"ன்னு முடிவு பண்ணிடறாங்க. புத்தகம் தோத்ததா அந்தப் பிள்ளை நினைக்கறதில்லை. தான் தோத்துட்டதா நினைக்குது. அதுக்கப்புறம் எத்தனை புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனாலும் அது டெல்லி அப்பளக் கடையில்தான் நிக்கும்.

சரி, இவ்வளவு திட்டினியே, உன் கட்சி என்னன்னு கேப்பீங்க. சொல்றேன்.

பதினொண்ணுல இருந்து பதினாலு வரைக்கும் தனி வயசுங்க. சின்னக் குழந்தை சைஸைப் பெருசாக்கினதும் இல்லை, பெரியவங்க சைஸைச் சின்னதாக்கினதும் இல்லை. குரல் உடையுது. பொம்பளைப் பிள்ளை வயசுக்கு வருது, அடுத்த நாள்ல இருந்து தெருவில் விளையாட்டு கிடையாது. அப்பா கடன் வாங்கினது காதுல விழுது. யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், யார் வீட்டுல உட்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லிக் கொடுக்காமலே புரிஞ்சுடுது. கையில் கலர் கயிறு ஏறுது. இத்தனையும் நடக்கிற வயசுல நம்ம என்ன கொடுக்கிறோம்? நரியும் திராட்சையும்.

இதைப் பேசற புத்தகம் தமிழ்ல இல்லைன்னா கூடப் பரவாயில்லை. இருக்கு! பட்டியல் போடுறவங்க படிக்கலை, அவ்வளவுதான். சில உதாரணம்:

மரப்பாச்சி சொன்ன ரகசியம். யெஸ். பாலபாரதி எழுதினது. பிள்ளைகள் மேல் நடக்கிற பாலியல் சீண்டலை ஒரு மரப்பாச்சி பொம்மையை வெச்சுப் பேசுற கதை. பயமுறுத்தாமப் பேசுது, அதுதான் விசேஷம். 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் வாங்கின புத்தகம். அம்மாக்களால வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயத்தை இந்தப் பொம்மை சொல்லிடுது.

கயிறு. விஷ்ணுபுரம் சரவணன். ஓங்கில் கூட்டம் வரிசையில் வந்த சிறுநூல், ஒரே மூச்சில் முடிச்சுடலாம். மணிக்கட்டில் கட்டுற சாதிக் கயிறைப் பத்தி. "அதெல்லாம் தெற்கே"ன்னு நம்ம பக்கம் ஒரு சமாதானம் சொல்வாங்க. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பையனை வீடு புகுந்து வெட்டினது கூடப் படிச்ச பையன்கள்னதும் நாடே அதிர்ந்துது. அதுக்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் கயிறைத் தடுக்கணும்னு சொல்லியிருக்கு. ஆனா 2015-இல் ஓமலூர் கோகுல்ராஜைக் கொன்னது எங்கே? திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவுல, நம்ம நாமக்கல் மண்ணுல. தண்டனை வாங்கினவங்களும் ஒரு காலத்துல பன்னெண்டு வயசுப் பையன்கள்தானே? அந்த வயசுல அவங்க கையில் யார் என்ன புத்தகம் கொடுத்தாங்க? ஒரு புத்தகம் கொலையைத் தடுத்துடும்னு சொல்ற அளவுக்கு நான் கிறுக்கன் இல்லை. ஆனா கயிறு கட்டுறவங்க பன்னெண்டு வயசுக்காகக் காத்திருந்து வர்றாங்க. நாம மட்டும் அந்த வயசைக் காலியா விட்டுட்டு நிக்கிறோம்.

ஆதனின் பொம்மை. உதயசங்கர். கீழடியை வெச்சு எழுதின இளையோர் நாவல், 2023-இல் புரஸ்கார் வாங்கியது. சமூக அறிவியல் பாடத்துல ரெண்டு மார்க் கேள்வியா இருக்கிற ஊரை, நடந்து போகிற ஊரா மாத்துது.

ஆயிஷா. இரா. நடராசன். கேள்வி கேக்கிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கதை. சின்னதுதான், ஆனா அடி பலமா விழும். பன்னெண்டுக்கு முன்னால வேண்டாம். படிச்ச பிறகு பக்கத்துல ஒரு பெரியவர் இருந்தா நல்லது. ஆசிரியர்கள் கட்டாயம் படிக்கணும் (முறைக்காதீங்க சார்).

டோட்டோ-சான். ஜப்பானிய மொழியில் 1981-இல் வந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கு. ரயில் பெட்டிக்குள்ள வகுப்பறைன்னு கேட்டதுமே இங்க ஒரு பொண்ணு புத்தகத்தைப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. "இந்த மாதிரி ஸ்கூல் சேலத்துல இருக்குங்களா?"ன்னு திரும்ப வந்து கேட்டுச்சு. பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை.

பனிமனிதன். ஜெயமோகன் தினமணி சிறுவர்மணியில் தொடராக எழுதினது. இமயமலை, பனி, தேடல். சாகசம் வேணும்னு நிக்கிற பையனுக்குப் பொன்னியின் செல்வனுக்கு முன்னால இதைக் கொடுங்க. சின்னச் சின்ன வாக்கியம், ஓடிடும்.

துளிர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட மாத இதழ், 1987-இல் ஆரம்பிச்சது. கதை பிடிக்காத பிள்ளைங்களும் இருக்காங்க. அவங்களும் வாசகர்கள்தான்னு நம்ம பட்டியல்காரங்களுக்கு யாராவது சொல்லுங்களேன்.

ஒன்பதாவது தாண்டினதுகளுக்கு, பெருமாள்முருகனின் கூள மாதாரி. பெரியவங்களுக்கு எழுதின நாவல்தான். ஆனா ஆடு மேய்க்கிற பண்ணையத்துப் பையன் ஒருத்தன் நம்ம கொங்கு மேட்டுக்காட்டில் நம்ம பேச்சில் பேசிக்கிட்டு வர்றான். தன் பேச்சை அச்சுல பார்க்கிற பிள்ளையோட முகம் எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு புத்தகத்தைப் பட்டியலில் இருந்து தூக்கவும் செய்யறேன், சண்டைக்கு வாங்க. குட்டி இளவரசன். க்ரியா போட்ட அருமையான மொழிபெயர்ப்பு, எனக்கு உயிர். ஆனா குழந்தைமையைத் தொலைச்சவங்களுக்குத்தான் அது வலிக்கும். பத்து வயசுக்கு இன்னும் தொலையவே இல்லையே! பதினெட்டுல கொடுங்க.

இப்ப எதிர்க்கேள்விகள்.

"இந்தச் சாதி, பாலியல் சமாசாரம் எல்லாம் பிஞ்சு மனசுல ஏத்தணுமா?" ஏங்க, ஏத்துறது நீங்களா? அது ஏற்கெனவே ஏறிக்கிட்டு இருக்கு. பஸ் ஸ்டாண்டுல ஏறுது, ரீல்ஸ்ல ஏறுது, பெரியப்பா பேசுற பேச்சுல ஏறுது. புத்தகம் ஒண்ணுதான் அந்தப் பிள்ளையைத் தனியா உட்கார வெச்சு, அவசரப்படுத்தாம, நடுவுல மூடி வெச்சு யோசிக்க விட்டுச் சொல்லும்.

"போன் இருக்கிறப்ப யாருங்க படிக்கிறா?" இது பெரிய வாதம்னு நினைச்சுக் கேக்கிறாங்க. எங்க ஊர்ல போன்தான் கல்லாப்பெட்டி. சேலையை விரிச்சு வீடியோ எடுத்து வாட்சப்பில் போட்டாத்தான் வியாபாரம். அதைப் பல வீட்டுல எடுக்கிறதே எட்டாவது படிக்கிற பொண்ணுதான். போனைத் தூக்கிப் போட்டுட்டு வான்னா எப்படி வரும்? போனை ஒழிச்சிட்டுப் புத்தகம்னு நிக்காதீங்க. போன்ல வர்ற எதையும் விடச் சுவாரசியமான ஒரு கதையைக் கையில் கொடுங்க. அதைக் கொடுக்க வக்கில்லாத சோம்பேறித்தனத்துக்கு நாம வெச்சிருக்கிற பேர்தான் 'செல்போன் மோகம்'.

"காசு?" இது நியாயமான கேள்வி. தறிக் கூலியை நம்பி இருக்கிற வீட்டுல மாசம் ஒரு புத்தகம்னா யோசிக்கத்தான் செய்வாங்க. ஆனா நாம எல்லாரும் ஏற்கெனவே காசு கட்டியாச்சு, தெரியுமா? சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு ஒரு வரி இருக்கும், சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் புண்ணியம். சுதந்திர இந்தியாவில் அப்படி முதலில் வந்த சட்டம் நம்மளுது. நம்ம கூரைக்கு வரி கட்டுறப்ப எல்லாம் பிள்ளைங்க புத்தகத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுறோம். கட்டுறோமே தவிர, கேக்கறோமா? கிளை நூலகத்துல போய் "இந்த ஆறு புத்தகம் வேணும்"னு எழுதிக் கொடுத்தவங்க எத்தனை பேர்? வாசகர் வட்டத்துல போட்டித் தேர்வு கைடு கேக்கறதுக்கு ஆள் இருக்கு. பன்னெண்டு வயசுக்காகக் கேக்க ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஓட்டும் இல்லை, வரி ரசீதும் இல்லை.

அரசாங்கம் சும்மா இல்லைன்னும் சொல்லணும். 2022-இல் நாலு, அஞ்சாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் தேன்சிட்டுன்னு பள்ளிக் கல்வித் துறை பத்திரிகை கொண்டுவந்தது. 2023-இல் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பறன்னு படி வெச்சுச் சின்னப் புத்தகங்கள். நல்ல யோசனை. ஆனா இதெல்லாம் அரசுப் பள்ளிக்கு. மஞ்சள் வேன் பிள்ளைகளுக்கு? டைம் டேபிள்ல நூலகம்னு ஒரு பீரியடு இருக்கும், கணக்கு சார் வந்து வாங்கிக்குவார். பீஸ் கட்டுற பெற்றோர் யாரும் அதைக் கேட்டதா நான் கேள்விப்படலை.

நம்ம பக்கத்துக்கு இந்த வேலை புதுசும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரன், குழந்தைகளுக்குன்னே கலைக்களஞ்சியம் போட்டார். 1968-இல் இருந்து 1976 வரைக்கும் பத்துத் தொகுதி. பிள்ளைகளுக்குத்தானேன்னு அந்த மனுஷன் ஒப்பேத்தலை. இன்னிக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் காசில்லாமப் பார்க்கலாம்.

அதனால பட்டியல் போடுறவங்களுக்கு என் நாலு கண்டிஷன். ஒண்ணு, புத்தகம் இன்னிக்கு வாங்கக் கிடைக்கணும். ரெண்டு, போன ஒரு வருஷத்துக்குள்ள நீங்க அதைத் திரும்பப் படிச்சிருக்கணும், ஞாபகத்துல இருந்து எழுதக் கூடாது. மூணு, ஒரே ஒரு பிள்ளைகிட்டயாவது கொடுத்து என்ன ஆச்சுன்னு பார்த்திருக்கணும். நாலு, எந்த வயசுக்கு, ஏன்னு ஒரு வரி எழுதணும். இந்த நாலும் இருந்தா மூணு புத்தகப் பட்டியல் போதும்ங்க, நூறு வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. இந்தப் பதிவே இதுக்குத்தான்.

எங்க தெருவுல தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகளை மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருப்பாங்க. ஜக்கார்டு அட்டை. எந்த நூல் தூக்கணும், எது தூக்கக் கூடாதுன்னு அந்த ஓட்டைதான் சொல்லும். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டுங்கிறவர் கொண்டுவந்த அந்த யோசனையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு ஓட்டை அட்டை வைக்க நினைச்சார். கம்ப்யூட்டருக்குத் தாத்தா எங்க ஊர்த் தறி மேல தொங்கிக்கிட்டு இருக்கு! அதுக்குக் கீழே உட்கார்ந்து தார் சுத்துற பையனுக்கு இது தெரியாது. பெரியவனாகி கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும்னு அவன் அம்மா ஆசைப்படறாங்க. தறிச் சத்தத்துல வளர்ற ஒரு பிள்ளை நாயகனா வர்ற நாவல் ஒண்ணு அந்தப் பையன் கைக்கு இன்னும் வந்து சேரலை.

யார் எழுதுவா? வேற யார், நாமதான். பாலபாரதி எங்கிருந்து வந்தார்? நம்மளை மாதிரி வலைப்பதிவு எழுதிக்கிட்டு இருந்தவர்தான். மலைப்பூ எழுதின விழியன்? அவரும் நம்ம பதிவர்தான். அரசியல், சினிமா, உள்குத்து, கும்மின்னு நாம காலத்தை ஓட்டிக்கிட்டு இருந்தப்ப, அவங்க பிள்ளைங்க பக்கம் திரும்பி உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

மீன்பிடிக்கிற ஊர்ல இருக்கிற பதிவரே, பட்டாசு ஊர்ல இருக்கிற பதிவரே, ஷார்ஜாவுல உட்கார்ந்து ஊரை நினைச்சு உருகுற பதிவரே, அடுத்த டாப் 50-ஐக் கொஞ்சம் தள்ளி வைங்க. உங்க ஊர்ப் பன்னெண்டு வயசுக்கு ஒரு அத்தியாயம் எழுதுங்க. எழுத வராதுன்னா நூலகத்துல போய் ஆறு பேர் எழுதிக் கொடுத்துட்டு வாங்க. ரெண்டும் முடியாதுன்னா, பட்டியல் மட்டும் போடாதீங்க, ப்ளீஸ்.

பி.கு.: "பொன்னியின் செல்வனைக் குறை சொல்ல நீ யாருடா"ன்னு வர்ற பின்னூட்டங்களை வரவேற்கிறேன். கூடவே, கடைசியா எந்தப் பிள்ளை கையில் என்ன புத்தகம் கொடுத்தீங்கன்னு ஒரு வரி சேர்த்து எழுதினாத்தான் வெளியிடுவேன்.